நாலாம் இலக்கப் பொத்தான்

பழைய மின்னுயர்த்திகளிலிருந்து கழற்றி வீசப்பட்ட பொத்தான்களை விலைகொடுத்து வாங்கி, துலக்கி, கம்பி பூட்டி மீண்டும் ஒளிரச் செய்வது ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் எம்மவரிற் பலர் சிரிப்பார்கள். முத்திரை சேர்ப்பவரை அறிவோம், நாணயம் சேர்ப்பவரை அறிவோம். பழைய இரும்புக்குப் போகவேண்டிய பொத்தானை வீட்டுக்குச் சுமந்து வருபவரை என்னென்பது? ஆயினும் அமெரிக்காவில் இதனைச் செய்வோர் பலர் உளர். அவர்களுள் நானும் ஒருவன். நியூஜேர்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையின் ஒரு கோடி பத்து ஆண்டுகளுக்கு மேலாக இவ்வேலைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது எதனால் வந்தது என்பதைச் சொல்லுமுன், பொத்தானின் பூர்வீகத்தைச் சிறிது பார்ப்போம்.

எலிசா ஓட்டிஸ் என்பவர் 1854இல் நியூயோர்க் கண்காட்சி மண்டபமொன்றில், உயரே தொங்கிய தட்டின்மீது தாமே நின்று, அதன் கயிற்றை வெட்டச் செய்தார். தட்டு விழவில்லை. அவர் அமைத்த பாதுகாப்புப் பொறி அதனைப் பிடித்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளின் பின் 1857இல் அந்நகரின் புறோட்வே வீதியில் ஐந்து மாடிக் கடையொன்றில் பயணிகளுக்கான அவரது உயர்த்தி நீராவியால் இயங்கத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் பெரிய கட்டடங்களில் உயர்த்தியை இயக்குவதற்கென்றே சீருடை அணிந்த ஓர் ஊழியர் இருந்தார். பயணி மாடியின் இலக்கத்தை வாயாற் சொல்வார், ஊழியர் கைப்பிடியைத் திருப்புவார். பொத்தான் அழுத்தி இயங்கும் உயர்த்திகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டபோதும், சிறிய குடியிருப்புகளுக்கு அப்பால் அவை அதிகம் பரவவில்லை. ஆளில்லாத பெட்டிக்குள் ஏறி நிற்க மக்கள் அஞ்சினர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1945 செப்டெம்பரில் நியூயோர்க்கில் சுமார் 15,000 உயர்த்தி இயக்குநரும் கட்டட ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தனர். வானளாவிய கட்டடங்கள் வெறுமையாயின. பொத்தானுக்கு மாறும் எண்ணம் கட்டட உரிமையாளர்களிடம் வலுப்பெற்றது அதன் பின்னரே. 1950இல் ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலே, அத்லாண்டிக் எண்ணெய் நிறுவனக் கட்டடத்தில், இயக்குநரே தேவைப்படாத ஓட்டிஸ் மின்னுயர்த்தித் தொகுதி பொருத்தப்பட்டது. இன்று நாம் எண்ணிப் பாராமல் அழுத்தும் பொத்தான், ஒரு பெருந்தொழிலாளர் கூட்டத்தின் தொழிலை உண்டு வளர்ந்தது என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும்.

அக்காலத்துப் பொத்தான்களிலே சேகரிப்போர் தேடித் திரிவது ஒன்றுண்டு. அதற்கு அசையும் உறுப்பே கிடையாது. ஒவ்வொரு இலக்கத்தின் பின்னாலும் வாயு நிரப்பிய ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். விரல் பட்டவுடன் உடலின் கொள்ளளவத்தினால் குழாய் தூண்டப்பட்டுச் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். மின்னோட்டம் துண்டிக்கப்படும்வரை அவ்வொளி அணையாது. ஒரே குழாய் ஆளியாகவும் விளக்காகவும் நினைவாகவும் தொழிற்பட்டது. ஆனால் தீ விபத்தின்போது கடும் வெப்பமும் இத்தகைய பொத்தானைத் தூண்டக்கூடும், தீப்பிடித்த மாடிக்கே பெட்டி போய் நிற்கக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. வெப்பத்தால் தூண்டப்படும் பொத்தான்கள் விதிகளால் விலக்கப்பட்டன. இக்குழாய்களுக்கு 130 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்டம் வேண்டும். அனுபவமில்லாதவர் அவற்றைத் தொடாதிருப்பதே நன்று. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஹரிசன் நகரிலேதான் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் புகழ்பெற்ற வானொலிக் குழாய்த் தொழிற்சாலை 1976வரை இயங்கியது. அவ்வழியாகப் பேருந்திற் செல்லும்போதெல்லாம் இறங்கிப் பார்க்கத் தோன்றும்.

என் கதைக்கு வருவோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது நான் வானொலி திருத்தும் கடையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலி கேட்ட காலம் அது. எறிந்த பொருள் என்று எதுவும் அப்போது இருக்கவில்லை. பழுதான வானொலி ஒன்றிலிருந்து தடையியைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவோம். அந்தப் பழக்கந்தான் என்னோடு கடல் கடந்து வந்தது.

அம்மா 2012இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். எட்டு மாடிக் கட்டடத்தில் எங்களுடையது நாலாம் மாடி வீடு. வந்து இரண்டாம் வாரம், அவர் தனியே இருந்தபோது லிப்ற் இடைநடுவில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் உள்ளே நின்றிருக்கிறார். சுவரிலிருந்த பேசியில் எவரோ ஆங்கிலத்திற் கேட்டுக்கொண்டிருக்க, மறுமொழி சொல்ல அவருக்கு மொழியில்லை. அதன்பின் ஐந்து மாதம் அவர் வெளியிற் போகவில்லை. முழங்கால் வருத்தத்தினால் படியிறங்கவும் முடியாது. நான் இரவு வேலை, மனைவி பகல் வேலை. வடமராட்சியில் விடிய எழும்பிக் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்த மனிசி, யன்னலோரத்தில் இருந்து தரிப்பிடத்துக் கார்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்நாட்களில் நான் வேலை செய்த இடத்துக்கு அருகே பழைய கட்டடமொன்றின் உயர்த்தியைப் புதுப்பித்தார்கள். கழற்றிய பித்தளைப் பலகை, எட்டுப் பொத்தான்களுடன், பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியிற் கிடந்தது. இருபது டொலர் கொடுத்து வாங்கினேன். அம்மாவுக்கு வீட்டிலேயே பழக்கலாம் என்பதுதான் எண்ணம். பொழுதுபோக்கு என்ற பெயர் பின்னர் ஒட்டிக்கொண்டது.

பொத்தானின் உள்ளமைப்பு மிக எளியது. பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு முனைகள் இருக்கும். இரண்டு ஆளிக்கு, இரண்டு விளக்குக்கு. இரண்டும் வெவ்வேறு சுற்றுகள். அழுத்தினால் விளக்கு தானே எரியும் என்று எண்ணுவது தவறு. ஆளி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி மட்டும் அனுப்பும், விளக்கை ஏற்றுவது அப்பெட்டியே. வீட்டில் அப்பெட்டி இல்லாதபடியால் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு றிலே வைத்தேன். விரல் அழுத்தியதும் றிலே இழுக்கும். அதன் ஒரு தொடுகை தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், மற்றது விளக்கை எரிக்கும். சில விநாடிகளின் பின் நேரங்கணிக்கும் சிறு சுற்று எல்லாவற்றையும் விடுவிக்க, மணி ஒன்று ஒலிக்கும். மாடி வந்துவிட்டது என்று பொருள்.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தை. பழைய விளக்குகள் எல்லாம் ஒரே வோல்ற்றளவுடையன அல்ல. 24 வோல்ற்றும் உண்டு, 120 வோல்ற்றும் உண்டு. குமிழில் பொறித்திருப்பதை வாசியாமல் மின் கொடுக்கவேண்டாம். நான் குமிழ்களைக் கழற்றிவிட்டு ஒளிகாலும் இருவாயிகளைப் போட்டேன். 24 வோல்ற்றில் இரண்டை இருவாயி எடுத்துக்கொள்ள, எஞ்சிய 22 வோல்ற்றைத் தடையி தாங்கவேண்டும். பத்து மில்லியம்பியர் மின்னோட்டத்துக்கு 2,200 ஓம் சரி. கால் வாற்றுத் தடையி சூடேறும், அரை வாற்று வாங்குங்கள். வெள்ளி பூசிய தொடுகைகளை அரத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். பூச்சுப் போய்விடும். மதுசாரத்தில் தோய்த்த துணியே போதும். முதலிற் பல்மானியால் ஒவ்வொன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயங்கும் உயர்த்தியின் பலகையில் ஒருபோதும் கை வைக்கலாகாது. அது உரிமம் பெற்றவரின் வேலை.

பித்தளைப் பலகையை நான் கடையில் வாங்கிய தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டு போய், பழப்புளி போட்டு, குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் துலக்கிக் கொண்டுவந்தார். அரை மணித்தியாலத்தில் எழுபது வருடத்துக் கறுப்புப் போயிற்று. (பொத்தான்களைக் கழற்றிய பின்னரே புளி போடவேண்டும். கழுவி நன்றாகத் துடைக்கவும் வேண்டும். முலாம் பூசிய பலகைக்கு இவ்வைத்தியம் ஆகாது.) பல மாதங்களின் பின் அவர் விருப்பத்தோடு செய்த முதல் வேலை அதுவென்று நினைக்கிறேன்.

பலகையைச் சுவரில் மாட்டியபின் பாடம் தொடங்கியது. இந்நாட்டிலே நிலத்தளமே பெரும்பாலும் முதலாம் மாடி என்பதை முதலிற் சொன்னேன். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருவோர் இதிலே தடுமாறுவது வழக்கம். 1990இல் இயற்றப்பட்ட உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டத்தின் விதிகளால், பொத்தான் அருகே தடித்த இலக்கமும் பிரெயில் எழுத்தும் இருக்கவேண்டும். பொத்தானின் அகலம் முக்கால் அங்குலத்துக்குக் குறையலாகாது. வீதிக்கு வெளியேறும் மாடியின் அருகே ஒரு நட்சத்திரம் இருக்கும்.

“வெள்ளி இருக்கிறதை அமத்தினால் வீதிக்குப் போகலாமோ?” என்றார் அம்மா.

“ஓமம்மா. எந்தக் கட்டடத்திலையும் அப்படித்தான்.”

இலக்கம் வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் அந்த ஒரு குறி போதும். அவசரப் பேசியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது பேச்சை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது என்பது அதே விதிகளில் உள்ளது. ஆகவே ஆங்கிலம் தெரியாதவர் பயந்து பேசாமல் நிற்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கலாம், கதவை மட்டும் பலவந்தமாகத் திறக்கக்கூடாது. கதவை மூடும் பொத்தானைப் பற்றிக் கேட்டீர்களானால், அதே சட்டத்தின்படி கதவு குறித்த நேரம் திறந்தே நிற்கவேண்டியிருப்பதால், பல கட்டடங்களில் அது பயணிக்குப் பயன்படுவதில்லை. அவசரக்காரர் மனஆறுதலுக்காக அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் எனக்குப் பொத்தான் பித்துப் பிடித்துவிட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் மைத்துனரிடம் போகும்போதெல்லாம் பழைய மின்பொருட் கடைகளை மேய்ந்தேன். சனிவேலில் இருந்த பெரிய களஞ்சியக் கடை 2018இலும், சான்ரா கிளாராவில் இருந்தது 2019இலும் மூடப்பட்டுவிட்டன. அங்கே பெட்டி பெட்டியாகக் கிடந்த ஆளிகளை நினைத்தால் இன்றும் கவலைதான். யப்பானில் ஹச்சியோஜி நகரில் உள்ள ஷிமாடா என்னும் பொத்தான் தொழிற்சாலை, பார்வையாளர் அழுத்தி மகிழ்வதற்காக ஒரு சுவர் நிறைய ஓராயிரம் பொத்தான்களைப் பதித்து வைத்திருக்கிறது. ஒருநாள் போகவேண்டும்.

அம்மா ஆறு கிழமை பழகினார். பிறகு என்னோடு இறங்கினார், பிறகு தனியே இறங்கினார். கட்டடத்தின் முன் வாங்கிலில் ஒரு குஜராத்தி மூதாட்டியோடு பாசையில்லாமலே சினேகமானார்.

பல மாதம் கழித்து, சுவர்ப் பலகையைத் துடைக்கக் கழற்றியபோது ஒன்றைக் கண்டேன். ஒன்றாம் இலக்கத்தில் விரல் பட்ட தடம் தெரிந்தது. ஐந்தாம் இலக்கத்திலும் தெரிந்தது. நாலாம் இலக்கம் நான் பூட்டிய அன்று போலவே மின்னியது. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. தொடுகையில் ஏதும் பிழையோ என்று பல்மானி வைத்துப் பார்த்தேன். பிழையில்லை.

கொழும்பிலே நாலாம் மாடி என்ற சொல் எம்மவர் மத்தியில் எப்பொருளில் வழங்கிற்று என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மாலையில் அவர் திரும்பும் நேரம் கதவைத் திறந்து வைத்திருப்பேன். எங்களுக்கு மேல் மாடியில் மணி ஒலிக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவர் இறங்கி வருவார்.