ரத்தினபுரி நீலக்கல்லும் கார் பொலிஷும் ஒரே இனம், தெரியுமா?

உங்கள் காரின் மினுக்கம் முழுவதும் சராசரித் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்தில் நிற்கிறது, தெரியுமா? தகரத்துக்கு மேல் நான்கு பூச்சு: துருவைத் தடுக்க ஒன்று, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கையும் சேர்த்து அளந்தாலே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரோன்தான். மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு வெறும் 35 முதல் 50 மைக்ரோன்! வெயிலின் புற ஊதாக் கதிர் கீழே இறங்கி நிறத்தைக் கெடுக்காமல் தடுக்கும் சேர்மானமும் அதற்குள்தான் இருக்கிறது. மெஷின் பொலிஷ் என்பது கீறலின் மேல் எதையோ பூசி மறைக்கும் வேலை அல்ல. கீறலின் அடிமட்டம் வரை, சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி இறக்கும் வேலை. சீவியது திரும்ப வளராது. ஆகவே முதல் தடவை மெஷின் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டியது 'எது நல்லா வெட்டும்?' என்றல்ல, 'எது மெதுவா வெட்டும்?' என்றுதான்.

மொன்றியல் கார்களுக்கு ஏன் இவ்வளவு கீறல்? ஒரு குளிர்காலத்தில் சராசரியாக இரண்டு மீற்றருக்கு மேல் பனி கொட்டும் ஊர் இது. தெருவில் உப்பு, நடைபாதையில் பொடிக்கல். அவ்வளவும் தெறித்து பொனற்றில் ஒட்டிக்கொள்ள, அதன் மேல் புதுப் பனி விழ, காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் நாம் முரட்டுத் தும்புப் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேய்த்துத் தள்ளுகிறோம். பார்க் எக்ஸ்ரென்சனிலோ லசாலிலோ தெருவில் நிற்கும் எந்தக் கறுப்புக் காரையும் சித்திரை வெயிலில் பாருங்கள், மாரி முழுக்கப் பட்ட பாடு அதில் எழுதியிருக்கும்.

அந்தக் கீறல்கள் வட்டமாக, சிலந்தி வலை மாதிரித் தெரிகின்றன அல்லவா? அவை வட்டமே இல்லை, தெரியுமா! எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் நேர்கீறல்கள்தான். வெளிச்சம் வந்து விழும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது, மற்றவை கண்ணில் படுவதில்லை. அதனால் சூரியனைச் சுற்றி வட்டம் வட்டமாக இழைத்தது போன்ற ஒரு மாயத் தோற்றம். பழைய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள், அங்கும் அதே வலைதான். விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும்! இதனால்தான் வாங்க வேண்டிய பட்டியலில் நான் முதலில் எழுதுவது மெஷினை அல்ல, கையடக்கமான ஒரு எல்ஈடி விளக்கை. கராஜின் பரந்த ரியூப் லைற் கீறலை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் உண்மையைச் சொல்லும். ஒரு கீறலில் நகம் இடறினால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அது பொலிஷுக்கு எட்டாத ஆழம்.

இனி மெஷின். ஊரில் பெயின்ற் கடைக்காரர் 'பஃபிங்' என்று கம்பளி உறை மாட்டிச் சுழற்றுவாரே, அது ரோட்டரி. மோட்டர் சுற்றும் வரை வட்டும் சுற்றும், யாருக்காகவும் நிற்காது. ஒரே இடத்தில் கொஞ்சம் கூட நேரம் பிடித்தால் சூடு ஏறி, கதவின் விளிம்பில் பெயின்ற் கருகிவிடும். தேர்ந்த கைக்கு அது வரம். புதுக் கைக்கு வேண்டாம். புதியவருக்கு உரியது டூவல் அக்ஷன், சுருக்கமாக 'டிஏ'. இதில் வட்டு இரண்டு விதமாக ஆடும்: மையம் விலகி அதிர்ந்தபடியே தன்பாட்டில் சுழலவும் செய்யும். நீங்கள் அளவுக்கு மீறி அமுக்கினால் என்ன நடக்கும் தெரியுமா? சுழற்சி நின்றுவிடும்! உங்கள் பிழையை மெஷினே பொறுத்துக்கொள்கிறது. வட்டின் பக்கவாட்டில் ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது, கோடு அசையாமல் நடுங்கினால் கையைத் தளர்த்துங்கள். வட அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் பல ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்த போர்ட்டர்-கேபிள் மெஷின், மரவேலைக்காரர் மணற்தாள் ஒட்டித் தேய்க்கும் சாண்டரின் உடன்பிறப்பு என்பது இன்னொரு வேடிக்கை.

பெட்டியில் 8, 15, 21 என்று மில்லிமீற்றர் கணக்கு எழுதியிருக்கும். வட்டு எவ்வளவு அகலத்துக்கு வீசி ஆடுகிறது என்பதே அது. 1947 முதல் மிலான் பக்கம் கருவி செய்துவரும் ரூப்பெஸ் நிறுவனம் அகல வீச்சு மெஷின்களைப் பிரபலமாக்கிய பிறகு எல்லோரும் 21-க்கு ஆசைப்படத் தொடங்கிவிட்டார்கள். அகன்ற பொனற், நீண்ட கூரை இருந்தால் அது சரி. வளைவும் நெளிவுமான சின்னக் காருக்கு ஐந்து அங்குல வட்டோடு 8 அல்லது 15 போதும், கைக்கும் அடங்கும். இன்னொன்று: கொழும்பிலோ சென்னையிலோ மலிவு என்று மெஷினைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இங்கே சுவரில் வருவது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்.

மெஷினில் ஒட்டும் வட்டமான ஃபோம், கடையில் 'பாட்' என்பார்கள், அதன் நிறத்தை நம்பி வாங்கலாமா? ஐயோ, வேண்டாம்! ரூப்பெஸ்ஸின் மஞ்சள் பாட் நுண்வேலைக்கு. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி மஞ்சளோ வெட்டுவதற்கு. ரூப்பெஸ்ஸின் நீலம் கரடு, லேக் கன்ட்ரியின் சில வரிசைகளில் நீலம் மென்மை. அப்படியே தலைகீழ்! நிறத்துக்குப் பொது விதி ஒன்றும் கிடையாது, லேபிளை வாசியுங்கள். ஒன்றிரண்டு பாட்டோடு முழுக் காரையும் முடிக்கலாம் என்று நினைப்பதும் வீண். சீவி எடுத்த பெயின்ற்றும் பொலிஷும் ஃபோமுக்குள் ஏறி, சூடாகி, சிறிது நேரத்தில் அது தொய்ந்துவிடும். மெஷினில் மிச்சம் பிடித்து, நடுத்தர பாட் நாலைந்தும் மென்மையானது இரண்டும் வாங்குவது எவ்வளவோ மேல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பாட்டைப் பிரஷ்ஷால் தட்டித் துப்புரவாக்குங்கள்.

தலைப்பில் சொன்ன அதிசயத்துக்கு வருவோம். பொலிஷ் போத்தலுக்குள் இருக்கும் பாலில் மிதப்பவை பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட் துகள்கள். அதே அலுமினியம் ஒக்சைட் நிலத்துக்கடியில் படிகமாகிக் குருந்தம் ஆகும். அதில் துளி இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் ரத்தினபுரிச் சுரங்கத்தில் கிடைக்கும் நீலக்கல், குரோமியம் கலந்தால் சிவப்புக்கல்! வைரம் பத்து என்றால் இதன் கடினம் ஒன்பது. நவரத்தினத்தில் இரண்டின் தூளைத்தான் பொனற்றில் தேய்க்கிறீர்கள். அதனால்தான் எச்சரிக்கை: 'கொம்பவுண்ட்' கரடு, 'பொலிஷ்' நைஸ். புதியவர் நைஸிலிருந்து தொடங்கி, மறைவான ஓர் இடத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டுமே கரட்டுக்கு ஏற வேண்டும். கனேடியன் ரயர் கடைத் தட்டுகளில் நீங்கள் பார்க்கும் மெக்வையர்ஸ் நிறுவனம் 1901-இல் தளபாட பொலிஷ் செய்யத் தொடங்கியது. 2008-இல் திரீ எம் அதை வாங்கிவிட்டது. பாட்டின் மேல் மூன்று நாலு சொட்டுப் பொலிஷ், கடலைப் பருப்பளவு, போதும். இரண்டடிக்கு இரண்டடி இடம், செக்கனுக்கு ஓர் அங்குலம் நகரும் கை. போத்தல் போத்தலாக ஊற்றுவதால் பலன் கூடாது.

மெஷினைத் தொடுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. காரை நன்றாகக் கழுவிய பின்னும் உள்ளங்கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா? பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள்கள் பூச்சில் குத்தி நிற்கின்றன. அவற்றைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் கதவெல்லாம் ஊதா நிறத்தில் வடியும், பார்க்கப் பயமாகக்கூட இருக்கும்! நாற்றமோ சலூன் நாற்றம். ஏன் தெரியுமா? முடியைச் சுருட்டும் 'பேர்ம்' மருந்தில் இருக்கும் தயோகிளைகோலேற் இனம்தான் இதிலும். மிச்சத்தைக் கடையில் 'கிளே பார்' என்று விற்கும் களிமண் கட்டி எடுத்துவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பொலிஷுக்குப் போனால் அந்த அழுக்கையே மெஷின் பூட்டித் தேய்ப்பீர்கள். கறுப்பு பிளாஸ்ரிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்ட மறவாதீர்கள். பொலிஷ் அதில் ஏறிக் காய்ந்தால் வெள்ளை போகாது. இங்கே இலையுதிர்காலத்தில் துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பது வழக்கம். அப்படி அடித்த காரானால் கதவு இடுக்குகளில் கசியும் எண்ணெயை முதலில் துடையுங்கள்.

துவாயில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பனியனும் சாரமும் இந்த வேலைக்கு ஆகாது. மைக்ரோஃபைபர் துவாய்கள் பத்துப் பதினைந்து தேவை, அவற்றை உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, சொஃப்ற்னர் ஊற்றவே கூடாது. அது நூலின் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். டொலார்ட்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் புதுக் காருக்குப் பூசை செய்து, பொனற்றில் சந்தனமும் திருநீறும் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கும் இதே பேச்சு: காய்ந்ததை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறால் துலக்குவது நமக்குத் தெரியாததா? அது பொனற்றிலும் தன் வேலையைக் காட்டும். நீர் ஊற்றி ஊறவிட்டு வழித்தெடுங்கள்.

பொலிஷ் முடிந்த பூச்சுக்கு ஒரு காப்பு வேண்டும். பழைய முறை கார்னோபா மெழுகு: வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை, ஓலையிலிருந்து நீர் ஆவியாகாமல் காக்கத் தானே சுரக்கும் மெழுகு. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து எடுக்கிறார்கள். பிள்ளைகள் சாப்பிடும் ஜெலி பீன் மினுங்குவதும் இதனால்தான், இ903 என்ற எண்ணோடு! உங்கள் பொனற்றுக்கும் ஹலோவீன் இனிப்புக்கும் ஒரே மெழுகு. ஆனால் என் வாக்கு செயற்கை சீலன்ற்றுக்கே. மொன்றியல் உப்பையும் கார்க் கழுவகச் சவர்க்காரத்தையும் மெழுகு அதிக காலம் தாங்காது.

மற் பூச்சு, அதாவது மினுக்கமே இல்லாத சாம்பல் நிறக் கார் வைத்திருக்கிறீர்களா? மெஷினைத் தொடவே வேண்டாம். ஓரிடம் மினுங்கிவிட்டால் அதை மறுபடி மங்கலாக்க வழியில்லை, பெயின்ற் அடிக்க வேண்டியதுதான்.

கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். அதைக் கழற்றி, பத்துப் பாகைக்கு மேல் வெப்பம் நிலைத்து, நிழலான இடமும் கிடைத்தால் பொலிஷுக்கு நாள் பார்க்கலாம். கடைக்குப் போகும்போது விலைச்சீட்டுக்கு மேல் 5 சதவீதமும் 9.975 சதவீதமும் வரி ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள். முரட்டுத் தும்புப் பிரஷ்ஷை இந்த வருடமே எறிந்துவிட்டு ஃபோம் தலை வைத்த பனித் தள்ளி ஒன்று வாங்குங்கள். கடைசியாக, பெரும்பாலான பொலிஷ்கள் நீர் கலந்த பால்மம். ஒருமுறை உறைந்தால் பிரிந்து பாழாகிவிடும். ஐப்பசி முடியுமுன் போத்தல்களைக் கராஜிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.