எம்.எல். விளையாட்டை எத்தனை பேர் விளையாடுகிறார்கள்? பதிவிறக்கக் கணக்கும் உண்மைக் கணக்கும்

பகாவ் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் ‘எம்.எல்.’ என்றால் விளக்கம் தேவையில்லை. மொபைல் லெஜண்ட்ஸ் என்ற அந்தக் கைப்பேசி விளையாட்டு 2016-இல் வெளிவந்தது. ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். தயாரித்தது சீனாவின் மூன்டோன் நிறுவனம். டிக்டாக்கின் உரிமையாளரான பைட்டான்ஸ் 2021-இல் அதை வாங்கியது.

இந்த விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை ஓயாமல் நடக்கும். “அது செத்த கேம், இப்ப யாரு விளையாடுறா?” என்பான் ஒருவன். “ஒரு பில்லியன் டவுன்லோட் தெரியுமா?” என்பான் இன்னொருவன். பதிவிறக்கம் ஒரு பில்லியனைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பெயர்ப் புத்தகத்தில் 200 பேர் இருப்பார்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களைச் செக்ரோலில் குறிப்பார்கள். அன்று பால்வெட்டுக்குப் போனவர் எத்தனை பேர் என்பதைச் செக்ரோல்தான் சொல்லும். பதிவிறக்கம் என்பது பெயர்ப் புத்தகம். ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டு அழித்தவனும் அதில் இருக்கிறான், ஐந்து வருடத்துக்கு முன் விட்டவனும் இருக்கிறான்.

விளையாட்டு நிறுவனங்களின் செக்ரோலுக்கு இரண்டு பக்கம். ஒரு நாளில் உள்ளே வந்தவர்கள் தினசரிப் பயனர்கள். ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது வந்தவர்கள் மாதப் பயனர்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒட்டுதல் விகிதம் கிடைக்கும். மாதப் பயனர் 100 பேர், சராசரியாகத் தினமும் வருகிறவர் 30 பேர் என்றால் விகிதம் 30 விழுக்காடு. அதாவது ஓர் ஆள் மாதத்தில் சுமார் 9 நாள் வருகிறார்.

இதிலும் ஓட்டை உண்டு. ‘ஸ்மர்ஃப்’ என்று இரண்டாவது கணக்கு வைத்துக்கொண்டு, கீழ்த்தரவரிசையில் போய்ப் புதியவர்களை அடித்து நொறுக்கும் பழக்கம் எம்.எல். ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பையன் ஒருவன், பயனர் இருவர். ரோப்லோக்ஸ் நிறுவனம் தன் பங்குச் சந்தை அறிக்கையிலேயே, தான் சொல்லும் தினசரிப் பயனர் எண்ணிக்கை தனித்தனி மனிதர்களின் எண்ணிக்கை ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த எண்கள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்று 2024 அக்டோபரில் ஹின்டன்பர்க் ரிசர்ச் குற்றம் சாட்டியது. ரோப்லோக்ஸ் அதை மறுத்தது.

நிறுவனங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது வேறொரு கணக்கை. அதன் பெயர் தக்கவைப்பு விகிதம். ஒரே நாளில் 1,000 பேர் ஒரு விளையாட்டைப் புதிதாக இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் 400 பேர் திரும்பி வந்தால் முதல் நாள் தக்கவைப்பு 40 விழுக்காடு. ஏழாம் நாள் 200 பேர் வந்தால் 20, முப்பதாம் நாள் 100 பேர் வந்தால் 10. இந்த 40-20-10 என்பது இத்தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கட்டைவிரல் கணக்கு. ஒரு மாதத்தில் பத்தில் ஒன்பது பேர் காணாமல் போனாலும் அது நல்ல விளையாட்டு என்றுதான் பெயர். எட்டாத விளையாட்டுகளே அதிகம்.

ஏழாம் நாள் கணக்கு என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளை மட்டும் பார்ப்பது. ஆறாம் நாளும் எட்டாம் நாளும் விளையாடிய பையன், ஏழாம் நாள் பிரீபெய்ட் டேட்டா முடிந்து உட்கார்ந்திருந்தால், ‘வராதவன்’ பட்டியலில்தான் விழுவான். லைன் சரியாகக் கிடைக்காத தோட்ட வீட்டுப் பிள்ளைக்கும் விளையாட்டு சலித்துப்போன நகரத்துப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசம் தெரியாது. பாதி ஆட்டத்தில் லைன் போய் வெளியே விழுந்தால் எம்.எல்.-இல் நன்னடத்தைப் புள்ளியும் குறையும். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்று பிள்ளைகள் குமுறுவதில் நியாயம் இருக்கிறது.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் ஆள் குறைவது தனியாள் விளையாட்டில் குறைவதைவிட ஆபத்து. பத்துப் பேர், அதுவும் ஏறக்குறைய ஒரே தரத்தில், சில வினாடிகளில் கிடைத்தால்தான் ஆட்டம் தொடங்கும். ஆள் குறைந்தால் காத்திருப்பு நீளும். இல்லையென்றால் தரம் பொருந்தாதவர்களோடு சேர்த்துவிடும். தோற்றுத் தோற்று வெறுத்தவன் போவான், அவனோடு சேர்ந்து ஆடிய நான்கு நண்பர்களும் பின்னாலேயே போவார்கள். காலியாகிற பள்ளிக்கூடத்திலிருந்து மற்றப் பெற்றோரும் பிள்ளைகளை மாற்றுவது போலத்தான்.

வெளியாட்கள் இதைப் பார்க்க முடியுமா? கணினி விளையாட்டு என்றால் ஓரளவு முடியும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதை ஸ்டீம் தளம் பொதுவில் காட்டுகிறது. பப்ஜி விளையாட்டு 2018 ஜனவரியில் அங்கே 32 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. அந்த உயரத்துக்கு மறுபடி போகவில்லை. அதற்காகச் செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டு கழித்தும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அதில் இருந்தார்கள். சோனி வெளியிட்ட கான்கார்ட் நிலைமை நேர்மாறு. 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது, ஸ்டீமில் அதன் உச்சமே 697 பேர், செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. சோனி காசைத் திருப்பிக் கொடுத்தது.

கைப்பேசி விளையாட்டுக்கு அப்படிப்பட்ட பொதுக் கணக்கு இல்லை. நிறுவனம் சொல்வதை நம்ப வேண்டும், அல்லது ஆய்வு நிறுவனங்களின் உத்தேச மதிப்பீட்டைப் பார்க்க வேண்டும். போட்டியைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை வெளியே தெரியும், ஆனால் அது விளையாடுகிறவர்களின் எண்ணிக்கை ஆகாது. 2023 டிசம்பரில் மணிலாவில் நடந்த எம்.எல். உலகப் போட்டியை உச்ச நேரத்தில் 5 மில்லியனுக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள் என்கிறது எஸ்போர்ட்ஸ் சார்ட்ஸ். பந்து விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் எல்லாம் திடலில் இறங்குவதில்லையே.

2024 ஜூலையில் ரியாத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி பிலிப்பீன்ஸ் அணியை 4-3 என்று வென்று ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் பரிசைத் தட்டியபோது, ‘நானும் ஆகிறேன்’ என்று கனவு கண்ட பிள்ளைகள் எத்தனையோ. கனவில் தப்பில்லை. ஆனால் அந்தத் தொழில் நிற்பதே அந்த ஒரு விளையாட்டின் மேல். இந்தியாவில் பப்ஜிக்குப் பதிலாக வந்த பி.ஜி.எம்.ஐ. விளையாட்டை 2022 ஜூலையில் அரசு உத்தரவால் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம்தான் திரும்பியது. தக்கவைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பத்து மாதம் ஆட்டக்காரர்களுக்குப் போனது போனதுதான்.

பெற்றோருக்கு இந்தக் கணக்கு ஏன் தெரிய வேண்டும்? விளையாட்டுக்குள் வரும் பல ஏற்பாடுகள் இந்த எண்ணை உயர்த்தத்தான் இருக்கின்றன. தினமும் உள்ளே வந்தால் பரிசு, விட்டுவிட்டால் போச்சு. சீசன் முடிந்ததும் தரவரிசை கீழே இறங்கும், மறுபடி ஏற வேண்டும். ஸ்டார்லைட் என்ற மாதச் சந்தா. சில நாள் மட்டும் கிடைக்கும் ஸ்கின். எம்.எல். இலவசம்தான், வருமானம் எல்லாம் ‘டைமண்ட்’ விற்பதில். தினமும் வருகிறவன்தான் ஒரு நாள் வாங்குவான் என்பது அந்த வியாபாரத்தின் அடிப்படை.

வாங்கிய ஸ்கின் எவ்வளவு நாள் இருக்கும் என்பதும் இதே எண்களைப் பொறுத்தது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல் 2022 மே மாதம் உலகெங்கும் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்று ஆப்பிள் விருது கொடுத்தது. தொடக்கம் நன்றாக இருந்தும் புதிய உள்ளடக்கத்தைத் தரமாகத் தொடர்ந்து தர முடியவில்லை என்று சொல்லி, 2023 மே 1-ஆம் தேதி இ.ஏ. நிறுவனம் சர்வரை மூடியது. பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த உடைகளும் ஆயுதங்களும் அதோடு போயின.

வீட்டுக் கணக்கைப் பார்க்க வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பகுதியில் எந்த நாள் எத்தனை மணி நேரம் என்று தெரியும். மொத்த மணியை மட்டும் பார்க்காமல், ஒரு நாள்கூட விடாமல் போகிறதா என்பதையும் கவனிக்கலாம். செலவு, கூகுள் பிளேயின் கொள்முதல் வரலாற்றில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படியும் அங்கேயே மாற்றலாம். ஆனால் கடையில் காசு கொடுத்தோ, டச் அண்ட் கோ வழியாக வேறு டாப்-அப் தளத்திலோ வாங்கிய டைமண்ட் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு இ-வாலட் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். கடையில் கொடுத்த ரொக்கத்தைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.