குடியை நிறுத்துபவருக்கு ஊர் துணை நிற்குமா?

திருமங்கலத்தைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வடக்கே லூதியானா, ஜலந்தர் வழியாக ஸ்ரீநகர் வரை நீள்கிறது. அந்தச் சாலையில் பஞ்சாபிலும் போதை குடும்பங்களைக் குலைக்கிறது; இங்கேயும் குலைக்கிறது. அங்கே மதுவோடு ஹெராயினும் போதை மாத்திரையும் சேர்ந்து நிற்கின்றன. நம் பக்கம் பெரும்பாலும் டாஸ்மாக் பாட்டில். போதையில் விழுந்தவர்களை மீட்பதில் சீக்கியச் சமூகத்துப் பெரியவர்கள் எடுத்த வழியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

சீக்கிய நெறி போதைப் பொருள்களை அடியோடு விலக்கச் சொல்கிறது. தீட்சை பெற்று அமிர்தம் ஏற்றவர் புகையிலையைத் தொட்டாலே பெருங்குற்றம். அப்படியிருந்தும், பிரிட்டன் சீக்கியர்களிடம் பிபிசி 2018இல் எடுத்த கருத்துக்கணிப்பில், குடும்பத்தில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினை இருப்பதாக 27 விழுக்காட்டினர் சொன்னார்கள். தடை போட்டதால் குடி ஒழிந்துவிடவில்லை, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது. மகன் குடிக்கிறான் என்று வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்ற பயத்தில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. திருமங்கலத்துத் தெருக்களுக்கும் இது தெரிந்த கதைதான்.

இந்த மௌனத்தைச் சமயத் தலைவர்களால் உடைக்க முடியும். பாபா இக்பால் சிங் அப்படி ஒருவர். இமாச்சலப் பிரதேச வேளாண் துறை இயக்குநராக இருந்து 1987இல் ஓய்வு பெற்றவர், அதே மாநிலத்தின் பாரு சாகிப்பில் இயங்கிய கல்கிதர் அறக்கட்டளையின் பொறுப்பை ஏற்றார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கொடுத்தால் போதை அண்டாது என்று நம்பி, வட இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அகால் அகாடமி பள்ளிகளை எழுப்பினார். ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களையும் அவர் கைவிடவில்லை. பாரு சாகிப்பிலும் பஞ்சாபின் சீமாவிலும் போதை மீட்பு மையங்களை அறக்கட்டளை நடத்துகிறது. 2022 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட சில நாட்களில், 95ஆம் வயதில் அவர் காலமானார். ஊரே வணங்கும் ஒருவர் "வா, சிகிச்சை எடுத்துக்கொள்" என்று கூப்பிடும்போது, அந்த வாசலில் நிற்பதற்கு யாரும் கூசுவதில்லை.

ஆனால் பெரியவர்கள் தனியாகச் செய்யக் கூடாத வேலையும் ஒன்று இருக்கிறது. தினமும் மிதமிஞ்சிக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. முதலில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவம் கண்ணில் தெரியலாம், இல்லாத குரல் காதில் கேட்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால் சாமி முன்னால் சத்தியம் வாங்கிவிட்டு அறையில் பூட்டிவைப்பது ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்க மாத்திரையும், குடியால் குறைந்துபோன தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து, சில நாட்களில் இந்தக் கட்டத்தைத் தாண்டவைப்பார்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தையும் வாங்காதீர்கள். அதில் டைசல்பிராம் இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகலாம். அது மருத்துவர் கண்காணிப்பில், சாப்பிடுபவரின் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து.

உடம்பு தேறிய பிறகு வருவதுதான் நீண்ட காலம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பதை நாம் பார்க்கிறோம். அவரைத் தெருவே 'சாமி' என்கிறது, கூட்டாளிகள் ஊற்றிக் கொடுப்பதில்லை, விடியற்காலையில் குளியலும் சாயங்காலம் பஜனையும் பொழுதை நிரப்புகின்றன. மாலையைக் கழற்றியதும் இந்த ஏற்பாடு அத்தனையும் ஒரே நாளில் விலகிவிடுகிறது. பழைய கூட்டாளி, பழைய முக்குக் கடை, பழைய மாலைப்பொழுது. பலர் மறுபடி குடிப்பதற்கு இதுவும் காரணம். மன உறுதி இல்லாதவன் என்று அவரை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு ஒருநாள் சர்க்கரை ஏறிவிட்டால் சிகிச்சையை நிறுத்திவிடுவோமா? சறுக்கியவரையும் திரும்ப மருத்துவரிடம்தான் கூட்டிப் போக வேண்டும்.

ஊரைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே நடத்திக் காட்டியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980இல் சென்னையில் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். குடிநோயாளியோடு மனைவிக்கும் ஆலோசனை தேவை என்பது அங்கே சிகிச்சையின் பகுதி. நகரத்துக்கு வர முடியாத கூலிக்காரர்களுக்காகக் குடவாசல் அருகே மஞ்சக்குடியில் அவரது குழு முகாம் நடத்தியது. மருத்துவக் குழு ஊருக்கே வந்தது, ஊர்க்காரர்கள் துணை நின்றார்கள், முகாம் முடிந்த பிறகும் குழு வந்து விசாரித்தது. அந்த அனுபவத்தை 1994இல் 'அடிக்ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் அவர் எழுதினார்.

இப்படிப்பட்ட முகாம்கள் எவ்வளவு தேவை என்பதற்கு 2019இல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வே சாட்சி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார்.

திருமங்கலத்தின் கோயில் கமிட்டிகளும் ஜமாத்தும் தேவாலயப் பங்குக் குழுக்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதில் இறங்க வேண்டும். வாரம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். மீண்டவர்களும் மீள நினைப்பவர்களும் உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும். திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதிலும் குடியை விட்டவர் கையில் யாரும் பாட்டிலைத் திணிக்காமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமில்லாமல் பேசலாம். குடிப்பவர் பேச மறுத்தாலும் வீட்டில் இருப்பவர் கூப்பிடலாம், இன்றைக்கே கூப்பிடுங்கள்.