தரையில் கரிக்கோடு போட்ட சிறுவன்

பிள்ளைக்கு எந்தப் பாடத்தை எந்த வயதில் தொடங்குவது? எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது?

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கு இது பெரிய கவலை. ஷேத்திர கணிதம் என்கிற ஜாமெட்ரி வந்துவிட்டால் கவலை இரட்டிப்பாகும்.

ஏறக்குறைய 390 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் ஒரு தந்தைக்கும் இதே கவலை வந்தது.

தாயில்லாப் பிள்ளை

அவர் பெயர் எத்தியேன் பாஸ்கல். வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பெரிய அதிகாரி. கணிதத்திலும் புலி. 1626-ல் அவர் மனைவி இறந்துபோனார். இரண்டு பெண்கள், ஒரே பையன். பையன் பெயர் பிளேஸ். தாய் இறந்தபோது அவனுக்கு வயது மூன்று.

1631-ல் தந்தை பிள்ளைகளுடன் பாரிஸ் நகரில் குடியேறினார். பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாமே ஆசிரியர் ஆனார். ஒரு திட்டமும் போட்டார். முதலில் லத்தீன், கிரேக்க மொழிகள். 15 வயதுக்கு மேல்தான் கணிதம்!

காரணம் என்ன? கணிதத்தின் ருசி தெரிந்துவிட்டால் பையன் மொழிப் பாடத்தைத் தொடமாட்டான் என்று பயந்தார். கணிதப் புத்தகங்களைப் பூட்டி வைத்தார். நண்பர்கள் வந்தால் பையன் எதிரில் கணிதம் பேசவும் மாட்டார்.

பூட்டினால் ஆசை அடங்குமா?

ஜாமெட்ரி என்றால் என்ன என்று ஒரு நாள் பையன் கேட்டான். உருவங்களைப் பிழையில்லாமல் வரைவது, அவற்றின் அளவுகளுக்குள் என்ன பொருத்தம் என்று கண்டுபிடிப்பது, அவ்வளவுதான் என்றார் தந்தை. இதற்கு மேல் அதைப்பற்றிப் பேசக்கூடாது என்றும் கண்டித்தார்.

பையனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விளையாடும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து, கரித்துண்டால் தரையில் படம் போட்டான். எதற்கும் சரியான பெயர் தெரியாது. வட்டத்தை 'உருண்டை' என்றான். கோட்டைக் 'கம்பி' என்றான்.

ஒரு நாள் தந்தை திடீரென்று அறைக்குள் வந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். பையன் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டார்!

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் வரும். இது கிரேக்க மேதை யூக்ளிட் எழுதிய நூலின் முதல் பாகத்தில் 32-வது உண்மை. அந்த நூலைப் பார்த்தே இராத பையன், அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது 12.

தந்தை ஒன்றும் பேசவில்லை. நேராக ஒரு நண்பர் வீட்டுக்குப் போனார். கண்ணில் நீர் வழிந்தது. நண்பர் பதறினார். இது துக்கக் கண்ணீர் அல்ல, சந்தோஷக் கண்ணீர் என்று நடந்ததைச் சொன்னார். இனியும் பையனைத் தடுக்காதீர்கள் என்றார் நண்பர்.

தந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. யூக்ளிடின் நூலை மகன் கையில் கொடுத்தார்.

இது பையனின் அக்காள் ஜில்பெர்த் எழுதி வைத்த வரலாறு. அக்காள் பாசத்தில் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நடந்தது ஊரறிந்தது. பிளேஸ் 16 வயதில் எழுதிய ஜாமெட்ரிக் கட்டுரை 1640-ல் அச்சானது. தந்தையின் வரிக் கணக்கு வேலையைச் சுலபமாக்க, 1642-ல் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்!

எந்தப் புத்தகம் நல்லது?

இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே சில பெற்றோர் யூக்ளிடின் நூலையே வாங்குகிறார்கள். சிலர் ஹரால்டு ஜேக்கப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய நூலை வாங்குகிறார்கள். 1974-ல் முதலில் வெளிவந்த நூல் அது. அன்றாட வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டிப் பாடம் சொல்லும்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

காகிதத்தில் ஒரு முக்கோணம் வெட்டுங்கள். மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒன்றையொன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே நேர்கோடு கிடைக்கும். பிள்ளை ஆச்சரியப்படும்.

பிறகு கேளுங்கள்: எல்லா முக்கோணத்துக்கும் இப்படி வருமா? ஏன்?

அதற்குக் காகிதம் போதாது. முக்கோணத்தின் உச்சியைத் தொட்டபடி, அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போடவேண்டும். அடியில் உள்ள இரண்டு கோணங்களும், உச்சிக் கோணத்தின் இரு பக்கத்திலும் அதே அளவில் வந்து அமையும். மூன்றும் சேர்ந்தால் நேர்கோடு. எந்த முக்கோணமானாலும் இதுதான் கதி.

முதலில் ஆச்சரியத்தைக் காட்டி, பிறகு காரணத்தைத் தேட வைக்கும் புத்தகமே நல்ல புத்தகம். பிள்ளை அதை மூடி வைத்துவிட்டு, தாய்க்கோ தந்தைக்கோ தன் சொந்தச் சொல்லில் விளக்கவேண்டும். 'உருண்டை', 'கம்பி' என்று சொன்னாலும் பரவாயில்லை. விளக்கிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஒப்பித்தால், புத்தகத்தை மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாற்றுவதில் வெட்கம் இல்லை. எத்தியேன் பாஸ்கல் போட்ட திட்டம் தவறாகத்தான் போயிற்று. அதை ஒரே நாளில் மாற்றிக்கொண்டாரே, அதில்தான் அவர் நல்ல ஆசிரியர் ஆனார்.