ஸ்டியரிங் லேசாகும் கணம்

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். தெருமுனையில் வண்டியைத் திருப்பிவிட்டுப் பிடியைச் சற்றுத் தளர்த்தினால், ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேராகிவிடும். அதைத் திருப்பியது யார்? உள்ளே அதற்கென்று ஸ்பிரிங் எதுவும் இல்லை. திருப்பியது டயர். சாலையில் படிந்திருக்கும் உள்ளங்கை அகல ரப்பர், இடையிலுள்ள தண்டுகளையும் பல்சக்கரங்களையும் கடந்து வந்து நம் கையைத் தள்ளுகிறது.

கணினியில் கார்ப் பந்தயம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங், இந்தத் தள்ளலைச் செயற்கையாக உண்டாக்கும் கருவி. அங்கே சாலையும் இல்லை, டயரும் இல்லை. மேசை விளிம்பில் மாட்டிய பெட்டிக்குள் மோட்டார்தான் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, அந்த மோட்டார் எத்தனை பலமாகத் திருகும் என்ற எண்ணை. அது எவ்வளவு நுட்பமாகத் தளர்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன். ஏன் என்று புரிய, கொஞ்ச நேரம் டயருக்கு அடியில் போய்வர வேண்டும்.

வளைவில் சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, வண்டி அதிலிருந்து சில டிகிரி விலகிய திசையில்தான் நகர்கிறது. வண்டியை வளைத்துப் போகவைக்கும் பக்கவிசை பிறப்பதே இந்த விலகலில்தான். தரையில் படியும் ரப்பரை முன்பாதி, பின்பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் தரையைத் தொட்ட முன்பாதி இன்னும் நேராக இருக்கிறது. பின்னால் போகப் போக ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு விறைக்கிறது. அதனால் பக்கவிசையில் பெரும்பங்கு பின்பாதியில் விழுகிறது. அதன் மையம் சக்கரத்தின் நடுவுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. நடுவுக்குப் பின்னால் தள்ளப்படும் சக்கரம், வண்டி போகும் திசைக்கே திரும்பப் பார்க்கும். கையில் எதிர்ப்பாகத் தெரிவது இந்த முறுக்கு. கடைகளில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியின் சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுத் தானே நேராவதும் இதே வகைதான். கார்களிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சைச் சற்றுப் பின்சாய்த்து வைத்து இந்தக் குணத்தைக் கூட்டுகிறார்கள்.

இனிமேல்தான் அதிசயம். வேகத்தைக் கூட்டி, இன்னும் அதிகமாகத் திருப்புங்கள். ஏற்கெனவே அதிகம் இழுபட்டிருந்த பின்பாதி ரப்பர்தான் முதலில் பிடிவிட்டு வழுக்கும். முன்பாதி இன்னும் பிடித்திருக்கிறது. மொத்தப் பக்கவிசையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் விசையின் மையம் முன்னால் நகர்ந்துவிட்டதால், கையை எதிர்த்த முறுக்கு குறையத் தொடங்குகிறது. சாதாரண டயர்களில் இந்த முறுக்கு மூன்று நான்கு டிகிரி விலகலை ஒட்டியே உச்சம் தொட்டு இறங்கிவிடும். பக்கவிசை உச்சத்துக்குப் போவது அதைவிடப் பெரிய கோணத்தில். அதாவது பிடிப்பு தீர்வதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது. தக்கையைப் பார்க்காமலே, நூலின் தளர்வை வைத்து மீன் நழுவுவதைத் தூண்டில்காரர் அறிவதுபோல, ஓட்டுநரின் விரல்கள் டயர் நழுவப்போவதை அறிகின்றன. இந்த எச்சரிக்கையைப் பொறியாளர் எவரும் உள்ளே வைக்கவில்லை. ரப்பர் இழுபடும் விதத்திலேயே அது அமைந்திருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புத் தீராத விஷயம் இது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்கா. வோல்வோ பொறியாளர்களுடன் சேர்ந்து அவர் 1987இல் வெளியிட்ட சமன்பாடு பின்னால் ‘மாய சூத்திரம்’ என்றே பெயர் பெற்றது. அடிப்படை இயற்பியலிலிருந்து படிப்படியாக வருவிக்கப்பட்டது அல்ல அது. ஆனால் சோதனைக்கூடத்தில் அளந்த வளைகோடுகளோடு அப்படியே பொருந்தியது. இன்றைய பல கார் சிமுலேட்டர்களின் டயர்க் கணக்கு அந்தச் சூத்திரத்தின் வழி வந்தது.

அதற்கு இரண்டே வருடம் கழித்து, 1989இல், அட்டாரி கேம்ஸ் ‘ஹார்ட் டிரைவின்’ என்ற ஆர்கேட் விளையாட்டை வெளியிட்டது. அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மோட்டார் இருந்தது. கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வாகன இயக்கவியல் நிபுணர் டக் மில்லிகனின் உதவியைப் பெற்றார்கள். பந்தயக் கார்ப் பொறியாளர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் ‘ரேஸ் கார் வெஹிக்கிள் டைனமிக்ஸ்’ நூலைத் தன் தந்தை வில்லியம் மில்லிகனோடு சேர்ந்து 1995இல் எழுதியவர் அவர். காசு போட்டு ஆடும் பெட்டிக்காக இவ்வளவு மெனக்கெட்ட அந்தக் குழுவை நினைத்தால் மரியாதை வருகிறது.

வீட்டு மேசையில் இந்த விசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நிஜக் காரில் வண்டி நழுவினால் முதுகுக்கும் இடுப்புக்கும் தெரியும், உள்காதுக்கும் தெரியும். மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. திரையில் கண்ணுக்குச் சறுக்கல் தெரியும்போது கார் ஏற்கெனவே திரும்பியிருக்கும். உடம்பு சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு கைகளே சொல்லியாக வேண்டும். நல்லவேளையாகக் கை அதற்குத் தகுதியானது. நொடிக்கு 60 படங்கள் ஓடினால் கண் அதைத் தொடர்ச்சியாக ஏற்றுக்கொள்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் பசினியன் என்ற உணர்வுறுப்புகளோ நொடிக்குச் சுமார் 250 அதிர்வுகளை ஒட்டி மிகக் கூர்மையாக இருக்கின்றன. ஐரேசிங் என்ற சிமுலேட்டர் காரின் இயக்கத்தை நொடிக்கு 360 முறை கணக்கிடுகிறது. அத்தனை தகவலும் கைக்கு வந்து சேர்கிறதா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கும் பெட்டி.

இந்தப் பெட்டிகளில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் சிறு மோட்டார்கள் பல்சக்கரம் வழியாக ஸ்டியரிங்கைத் திருப்பும். 2015இல் வந்த லாஜிடெக் ஜி29 இதற்கு நல்ல உதாரணம்; சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். உழைக்கும், பழையதாகவும் கிடைக்கும். ஆனால் பற்களுக்கு நடுவே இருக்கும் சிறு இடைவெளியால் ஸ்டியரிங் நேராக இருக்கும் இடத்தில் கைக்கு எதுவும் தெரியாது. கரடுமுரடான சாலையில் கடகடக்கும். பெல்ட் வகை, உதாரணமாக த்ரஸ்ட்மாஸ்டர் டி300, மென்மையானது. அதே மென்மை சின்னச் சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடும். மூன்றாவது டைரக்ட் டிரைவ். ஸ்டியரிங் நேராக மோட்டாரின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும்; நடுவே தகவலைத் தின்ன ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் பணக்காரப் பொழுதுபோக்காக இருந்த இது, 2021இல் ஃபனடெக் சிஎஸ்எல் டிடி போன்றவை வந்த பிறகு ஓரளவு எட்டும் விலைக்கு இறங்கியது. அது 5 நியூட்டன் மீட்டர் தரும்; பெரிய பவர் சப்ளை போட்டால் 8. மோசா ஆர்5 தருவது 5.5.

இந்த எண்களைக் கைக்குப் புரியும்படி மாற்றிக்கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 2 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 1.4 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ஐந்து என்றால் 3.4 கிலோ. சிமுக்யூப் 2 ப்ரோ தரும் 25 நியூட்டன் மீட்டர் ஏறக்குறைய 17 கிலோ. மோதும் நேரத்தில் மணிக்கட்டையும் கட்டைவிரலையும் பதம் பார்க்கக்கூடிய பலம். நிஜப் பந்தய ஓட்டுநர்களும் மோதல் உறுதி என்று தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

பலம் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. வளைவின் நடுவில் விளையாட்டு 10 நியூட்டன் மீட்டர் கேட்கிறது, உங்கள் பெட்டியால் இரண்டுதான் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் நழுவத் தொடங்கி விசை பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினாலும் பெட்டி இரண்டிலேயே நிற்கும். நாம் காத்திருந்த அந்தத் தளர்வு கைக்கு வந்து சேராது. ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திறந்தால் பாட்டின் ஏற்ற இறக்கம் போய் ஒரே இரைச்சலாவது போன்றது இது. விளையாட்டின் அமைப்பில் விசையைக் குறைத்து வைத்தால் உச்சி வெட்டுப்படாது. ஆனால் நுணுக்கங்கள் சிறுத்து, பல்சக்கரத்தின் உராய்வுக்குள் அமுங்கிவிடும். 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் இந்த இக்கட்டிலிருந்து பெருமளவு விடுவிக்கிறது. பலம் வேண்டியிருப்பது இறங்கிக் காட்ட இடம் கிடைப்பதற்காக. வீட்டில் ஆடுகிறவர்களுக்கு அதற்குமேல் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

மோட்டார் சுழலும் வேகமும் ஒரு கணக்கு. காரின் பின்பக்கம் வீசும்போது, முன்சக்கரங்கள் கார் போகும் திசையை நோக்கித் தாமாகவே வெட்டித் திரும்பும். ஓட்டுநர் பிடியைத் தளர்த்தி ஸ்டியரிங்கைச் சுழல விட்டாலே பாதி வேலை முடிந்தது. பல்சக்கர வகை இதில் பின்தங்கும்.

பணம் குறைவு என்றால், ஸ்டியரிங்கில் ஒரு படி இறங்கி, மிச்சத்தை லோட் செல் பிரேக் பெடலில் போடுங்கள். சாதாரணப் பெடல் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அளக்கும். லோட் செல் எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கும். காலுக்கு அழுத்தம் நினைவிருக்கும் அளவுக்குத் தூரம் நினைவிருக்காது. பந்தயக் கார்களின் பிரேக் பெடலும் அதிகம் நகர்வதில்லை. மேசையும் அசையாமல் இருக்க வேண்டும், அதிர்ந்தால் தகவல் மரத்துக்குள் போய்விடும்.

பெட்டியில் ‘வைப்ரேஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லை. ரப்பர் கயிறோ ஸ்பிரிங்கோ ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கும். டயர் பிடித்தாலும் வழுக்கினாலும் அதே இழுப்புதான். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று. பல மாதம் ஆடியும் என் கைகள் எதையும் கற்கவில்லை.

வாங்குவதற்கு முன் கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீண்ட வளைவு ஒன்றில், வேகத்தை மாற்றாமல், மெல்ல மெல்ல அதிகமாகத் திருப்புங்கள். கார் நழுவுவது திரையில் தெரியும் முன்பே ஸ்டியரிங் உங்கள் கையில் லேசாகிறதா? ஆகிறதென்றால், அதையே வாங்குங்கள்.