கூடையில் விழுந்த ஒரு பந்து

விளையாட்டுப் போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "கிண்ணம் கிடைத்ததா?" என்பதே நம்மிற் பலர் முதலில் வினவும் வினா. முப்பது பேர் ஓடினாற் கிண்ணம் ஒருவனுக்கே உரியது. ஏனைய இருபத்தொன்பது பேருக்கும் அன்று மகிழ்வதற்கு ஒன்றுமே இல்லையா? மட்டக்களப்பார் மனமுவந்து ஆடும் கூடைப்பந்தாட்டத்தைக் கொண்டே இதற்கு விடை தேடலாம்.

அவ்வாட்டம் பிறந்த கதையே சுவையானது. 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், பனிக்காலத்தால் உள்ளரங்கில் அடைபட்டிருந்த மாணாக்கருக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் அறைந்து வைத்தார். பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆட்ட முடிவு யாது? ஒன்றுக்குப் பூச்சியம்! பதினெட்டு இளைஞர் வியர்த்து விறுவிறுக்க ஓடியாடியும் வீழ்ந்தது ஒரேயொரு பந்து. கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், அதனை எடுப்பதற்கும் ஏணி வேண்டியிருந்ததாம். அந்த ஒன்றிலே அவர்கள் கண்ட மகிழ்ச்சியன்றோ இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது!

இவ்வாட்டத்தில் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அழியாப் பெயர் தேடித் தந்தது, 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் இங்கு கல்வியோடு விளையாட்டையும் வளர்த்தனர். அவர்களுள் வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. மற்றொருவரான யூஜின் ஹேபர்ட் அடிகளார் கூடைப்பந்துப் பயிற்சியாளராய்ப் புகழ்பெற்றவர். 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த இளைஞனோடு அவர் காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை. அவர் வளர்த்த ஆட்டமோ நிற்கவில்லை.

1978இன் சூறாவளி, 2004இன் ஆழிப்பேரலை, 2009 வரை நீடித்த போர் என இத்தனையையும் கண்ட மண் இது. இங்கே ஒரு பிள்ளை மாலையில் பந்தோடு வெளியே செல்வதும், சிரித்த முகத்தோடு இருட்டுமுன் வீடு வந்து சேர்வதும் அற்பமான காரியங்களாகா.

எதிரணியினர் தவறிழைத்தால் வழங்கப்படும் தனி எறிவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தடி தூரம், தடுப்பார் எவருமிலர், கிடைப்பதோ ஒரு புள்ளி. ஆயினும் தேர்ந்த வீரரும் தவறவிடுவர். ஓட்டத்திலே முந்துவது அயலவன் காலையும் பொறுத்தது. இதிலோ நேற்றைய தன்னையே இன்று வெல்லவேண்டும். வளர்ச்சியை அளக்க இதனினும் எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை. பழைய கொப்பி ஒன்றில், பத்து எறிவில் எத்தனை விழுந்தன என்று பிள்ளையே நாடோறும் குறித்து வரட்டும். சென்ற மாதம் மூன்று, இம்மாதம் நான்கு என்றால், அந்த நான்காவதை வீட்டார் கவனிக்கவேண்டும். பயிற்சியாளரைப்போலத் தந்தையார் நுணுக்கம் பேசப் புகவேண்டா. அது பெரும்பாலும் பிள்ளையை ஓட்டிவிடும். "என்ன மனே, இண்டைக்கு எத்தனை விழுந்தது?" என்று கேட்டாலே போதும். தங்கை பந்து பொறுக்கித் தர வந்தால் அவளுக்கும் இரண்டு எறிவு கொடுக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் ஒரு கொப்பி விரைவில் வேண்டியிருக்கும்.