பூட்டிய ஏடும் பொதுவான சாவியும்



கடலூரில் பேருந்து ஏறினால் கிருமாம்பாக்கம் வழியாகப் புதுச்சேரி போய் இறங்குகிறோம். இடையில் மாநில எல்லை மாறுகிறது, சாலை மாறுவதில்லை. தமிழ்நாட்டுப் பேருந்தும் புதுவைப் பேருந்தும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் கணினி உலகில் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சாலை போட்டு, வழியையும் மறைத்தே வைத்திருந்தது.

1990களில் தமிழ் மென்பொருள் செய்தோர் எழுத்துகளுக்கு ஆளுக்கொரு குறியீட்டைக் கையாண்டனர். ஒரு கணினியில் அடித்த திருமண அழைப்பிதழ், மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிய பின், தமிழக அரசு பொதுவான விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. இன்று சிங்கப்பூரிலிருந்து பேரன் அனுப்பும் தமிழ் மடலைக் கிருமாம்பாக்கத்துப் பாட்டி எழுத்துப் பிசகாமல் படிக்க முடிவது இந்தப் பொதுமையின் பயனே.

எழுத்து பொதுவானால் மட்டும் போதுமா? கணினிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறையும் பொதுவாக வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் நெறிமுறைகள் பலவற்றை வணிக இரகசியமாகக் காத்தது. 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல் தொடங்கிய 'சாம்பா' என்னும் இலவச மென்பொருள், கணினிகளிடையே செல்லும் செய்திகளைக் கவனித்துக் கவனித்தே அந்த மொழியைக் கற்றது. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விவரங்களை வெளியிடப் பணித்தது. 2007இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2008 பிப்ரவரி 21 அன்று, 30,000க்கும் மேற்பட்ட பக்கங்களை எவரும் படிக்கத் திறந்துவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. எனினும் வணிகப் பயன்பாட்டுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை விட்டுவிடவில்லை.

இது பெரிய நிறுவனங்களின் வழக்கு, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். நிக்காஹ் பதிவேடு, வக்ஃபு சொத்து விவரம், மையவாடிக் குறிப்பு ஆகியவை இப்போது கணினியில் ஏறுகின்றன. அவை ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்குமாயின், அந்நிறுவனம் மூடப்படும் நாளில் நம் ஏடும் மூடப்படும். பேரப்பிள்ளைகள் பாட்டனாரின் நிக்காஹ் பதிவைத் தேடி வருகையில் எதைக் காட்டுவோம்?

ஆகவே மென்பொருள் வாங்குமுன் இரண்டைக் கேளுங்கள்: தமிழ் யூனிகோடில் உள்ளதா? பதிவு முழுவதையும் வேறு மென்பொருளிலும் திறக்கும் வடிவில் எடுக்க முடியுமா? இல்லை என்றால் வாங்காதீர்கள். காகிதப் படியையும் பத்திரப்படுத்துங்கள்.

பதிவேடு சமுதாயத்தின் அமானிதம். அதன் சாவி நம் கையில் இருக்கட்டும். அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.